காலி முகாமும் 999 ஆண்டுக் குத்தகையும்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்து பயனற்றுப்போன இராணுவ இடங்களைத் தன் காலனிகளில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்படைத்தது பிரிட்டனின் பெருந்தன்மைதானே? நைஜீரியாவின் இபாதான் அதற்குச் சான்று அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இபாதானை நீங்களே சொல்லிவிட்டதால் அங்கேயே போய்ப் பார்ப்போம். லாகோஸ் பக்கத்து யாபாவிலிருந்த உயர்கல்லூரி இடம்பெயர்ந்து, 1948 ஜனவரி 18 அன்று 104 மாணவர்களோடு இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியாக வகுப்புகளைத் தொடங்கிய எலெயேலே என்ற இடத்தில், போர்க்காலத்தில் இயங்கியது 56ஆம் இராணுவப் பொது மருத்துவமனை. நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த நீண்ட கூடங்களில்தான் மாணவர்கள் படித்தார்கள், படுத்துறங்கினார்கள். மருத்துவம் படிக்க அந்த ஆண்டு வந்து, பிறகு இலக்கியத்துக்கு மாறிய நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபியும் அவர்களில் ஒருவர்.

அந்தக் கூரைகள் உதவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கட்டடம் எழும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறையின் சில ஆண்டுகள் வீணாகியிருக்கும்; முதல் முதல்வரான பூச்சியியல் அறிஞர் கென்னத் மெல்லன்பி, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு உடனே வேலையைத் தொடங்கியது சரியான முடிவு. ஆனால் தனக்கு இனி வேண்டாம் என்று படை விட்டுச்சென்ற இடத்தைக் கொடுப்பதற்குப் பெருந்தன்மை என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியாது. மருத்துவமனையாக இருந்த இடம் என்பதால் மருத்துவக் கல்விக்கு எல்லாம் தயாராக இருந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். கல்லூரிக்கான போதனா மருத்துவமனை 1957இல்தான் திறக்கப்பட்டது.

உங்கள் கேள்வி தொடாமல் விட்ட பகுதிதான் முக்கியமானது. எலெயேலே தற்காலிகத் தங்குமிடம் மட்டுமே. நிலையான வளாகத்துக்கு 1948 நவம்பர் 17 அன்று முதல் மண் வெட்டப்பட்டது. அந்த நாளையே பல்கலைக்கழகம் தன் நிறுவன நாளாகக் கொண்டாடுகிறது. ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்த நிலம் இராணுவத்தினுடையது அல்ல. இபாதானின் குடித்தலைவர்களும் மக்களும் அதை 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். தங்கள் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் திரும்பக் கேட்க முடியாத ஒரு காலத்துக்கு, விளைநிலத்துக்கும் வீட்டுக்கும் ஆகக்கூடிய மண்ணைப் படிப்புக்கென்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்காகப் படிப்பித்த கல்லூரி 1962இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானதும், இன்று இயங்குவதும் அந்த மண்ணில்தான்.

பெருந்தன்மை என்ற சொல்லை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. அதை இபாதான் மக்களுக்குச் சொல்லுங்கள்.