பனங்கட்டியும் ஜீவனியும்

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 62 வயது. ஏழு வருடமாகச் சலரோகம், குளிசை மட்டும் எடுக்கிறார். சீனியை முற்றாக விட்டுவிட்டார். பிளேன்ரீக்குப் பனங்கட்டிதான் கடிப்பார், அது இரத்தத்தில் சேராதாம். போன கிழமை வயிற்றோட்டம் வந்தபோது தந்த ஜீவனியை (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் குளுக்கோசும் கலந்த தூள்), "இது சீனித்தண்ணி" என்று சொல்லிக் குடிக்கவே மறுத்துவிட்டார். எது சரி?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறார். பயப்பட வேண்டிய பனங்கட்டியைப் பயமில்லாமல் கடித்திருக்கிறார், குடிக்க வேண்டியதைத் தள்ளிவிட்டிருக்கிறார். அவரை ஏசாதீர்கள். "சீனி தொடுறதே இல்லை ஐயா" என்று கிளினிக்கில் சத்தியம் பண்ணுகிறவர்களின் சீலைத் தலைப்பில் பனங்கட்டி முடிந்திருப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். சோற்றின் மாப்பொருளை உமிழ்நீர் உடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மிச்ச வேலையைக் கணையச் சாறும் சிறுகுடல் சுவரில் உள்ள நொதியங்களும் முடிக்கின்றன. புட்டோ, சோறோ, பனங்கட்டியோ, அதிலுள்ள மாவும் சீனியும் தனிச் சீனியாக உடைந்த பிறகுதான் குடல் சுவரைத் தாண்டும். பனங்கட்டியில் பெரும்பங்கு கடைச் சீனியில் இருக்கிற அதே சுக்குரோஸ்தான். அது குளுக்கோஸ், புரக்டோஸ் என்று இரண்டாக உடையும். எந்த மரத்தில் இருந்து வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எங்கள் காட்டுத் தேனில் இந்த இரண்டும் பெரும்பாலும் உடைந்தபடியே இருக்கின்றன, ஆகவே அதற்கும் சலுகை இல்லை.

குடல் சுவரில் குளுக்கோசுக்கென்று ஒரு படலை இருக்கிறது. குளுக்கோஸ் தனியே வந்தால் அது திறக்காது, உப்பில் உள்ள சோடியத்தையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். புரக்டோசுக்கு வேறு படலை. உள்ளே வந்த பிறகு இரண்டும் சுவரின் மறுபக்கத்தால் வெளியேறி இரத்தத்தில் கலந்து முதலில் ஈரலுக்குப் போகின்றன. சலரோகம் வந்தால் குடல் சீனியைக் குறைவாக எடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது பிழை, இந்தப் படலை திறக்க இன்சுலின் தேவையே இல்லை. இரத்தத்தில் இருந்து தசைக்குள் போகத்தான் இன்சுலின் வேண்டும், அம்மாவுக்குத் தடை அங்கேதான். அதனால் உள்ளே வந்த சீனி இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது.

இனி ஜீவனி. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னால் இழுபட்டுப் போகும். வயிற்றோட்டத்தின்போதும் இந்தப் படலை பெரும்பாலும் கெடாமல் வேலை செய்யும். 1971இல் வங்காள எல்லையில் அகதி முகாமொன்றில் கொலரா பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் போதாமல் போனபோது, டொக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். சேலைன் போத்தலுக்குக் காத்திருந்த முகாம் நாட்களை அறிந்த எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, அதில் எவ்வளவு சீனி? உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். 200 மில்லிலீற்றர் குடித்தால் 2.7 கிராம், ஒரு தேக்கரண்டிகூட வராது. அம்மா சாப்பிடும் ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 40 கிராம் மாச்சத்து இருக்கிறது! ஆகவே ஜீவனியைப் பக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில், கொதித்தாறிய தண்ணீரிலேயே, கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். ருசிக்கென்று மேலதிகமாகச் சீனி போட்டால் வயிற்றோட்டம் கூடும்.

இரண்டு எச்சரிக்கை. அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தமும் இருந்தால், வன்னியில் அது குறைவில்லை, ஜீவனியில் பொட்டாசியம் இருப்பதால் வைத்தியரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். மெற்போமின் குளிசை எடுப்பவர் என்றால், வயிற்றோட்டம் கடுமையாக உள்ள நாட்களில் அதை நிறுத்தி வைப்பதா என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சலம் குறைந்தாலோ, மயக்கமாக இருந்தாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பனங்கட்டியை அம்மா ஒரேயடியாக விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு, எவ்வளவு பெரிய துண்டு என்று மட்டும் அடுத்த கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அது தெரியாமல் குளிசையைக் கூட்டிக்கொண்டே போவதில் பிரயோசனம் இல்லை.