பட்டையில் உள்ள கூமரினுக்குப் பாதுகாப்பான அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கூமரின் என்பது பட்டையில் இயற்கையாகவே இருக்கும் ஒரு வாசனைப் பொருள். அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும்.

சரி, எது அளவு? விலங்குகளுக்கு நீண்ட நாள் கொடுத்து, எதுவரை பாதிப்பே தெரியவில்லை என்று பார்க்கிறார்கள். நாய்க்கு அது உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் அதை 100-ஆல் வகுத்து, மனிதருக்குக் கிலோவுக்குத் தினம் 0.1 மில்லிகிராம் என்று வைத்தது. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு 10, ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இன்னொரு 10. ஆயிரம் கிலோ தாங்கும் கயிற்றில் பத்துக் கிலோ வாளியை மட்டும் கட்டுவது மாதிரி. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 6 மில்லிகிராம் வரும்.

கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். தடிமனாக, ஒடிக்கவே சிரமமாக இருப்பது காசியா என்ற வகைப் பட்டை, அதில் கூமரின் அதிகம். இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களைச் சுருட்டியதுபோல் அடுக்கடுக்காக இருக்கும். அதில் மிகக் குறைவு. சர்க்கரை குறையும் என்று காசியாப் பொடியைத் தினமும் கரண்டிக் கணக்கில் குடிப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அப்புறம், ஒருநாள் பிரியாணியில் பட்டை கூடிவிட்டால் அது விஷமாகிவிடாது. அந்த எண் வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிடுவதற்கான கணக்கு.