சூட்டுச் சீப்பு சுட்டதற்கு யார் பொறுப்பு?

வாசகியின் கேள்வி: நான் திருச்சியில் பிறந்தவள், இப்போது கலிபோர்னியாவில் வசிக்கிறேன். என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். ஒன்பது வயது மகளுக்கு அவர் வழி முடி, நெருக்கமாகச் சுருண்டிருக்கும். அவள் பரதநாட்டியம் கற்கும் பள்ளியில், ஆண்டு விழாவுக்கு முடியை நேராக்கிக்கொண்டு வரும்படி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். என் மாமியார் அடுப்பில் காய்ச்சிய பித்தளைச் சீப்பால் முடியை நேராக்குவார். எனக்கு அது பயம் என்பதால், வெப்ப அளவு காட்டும் மின்சாரச் சீப்பு ஒன்றை இணையச் சந்தையில் வாங்கினேன். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துத்தான் சீவினேன். ஆனால் சீப்பு கண்டபடி சூடேறி, மகளின் காது மடலும் பின்கழுத்தும் வெந்துவிட்டன. காதுக்குப் பின்னால் ஒரு திட்டு முடியும் போய்விட்டது. இது நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மருத்துவமனையில் மகளைத் தனியாக அழைத்து விசாரித்ததால், குழந்தையை எங்களிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று தூக்கமில்லாமல் இருக்கிறேன். விற்பனையாளரோ, சீப்பைத் திருப்பி அனுப்பி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் முழுப் பணமும் தருவதாகச் சொல்கிறார். முடி நேராக்கும் பொருட்கள் மீது பெரிய வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள் என்கிறார் கணவரின் அத்தை. நான் என்ன செய்வது?

பதில்: அந்தச் சீப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகளின் வழக்கு என்று ஒன்று இருக்குமானால் அது பெரும்பாலும் அந்தச் சீப்புக்குள்தான் இருக்கிறது என்பதே. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதா, திரை காட்டிய அளவுக்கும் பற்களில் ஏறிய சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையெல்லாம் ஒரு நிபுணர் ஆய்வகத்தில் சோதித்துத்தான் சொல்ல முடியும். சீப்பு விற்பனையாளர் கைக்குப் போய்விட்டால் அதற்கு வழியில்லை. ஆகவே அதை மறுபடி மின்சாரத்தில் செருகிப் பார்க்காமல், திறந்து பார்க்காமல், பற்களில் ஒட்டியிருக்கும் முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்காமல், அப்படியே ஒரு காகிதப் பையில் போட்டு, அட்டைப்பெட்டி, செய்முறைத் தாள், ரசீது ஆகியவற்றோடு பூட்டி வையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். விபத்து என்று தகவல் போனதும் இப்படிப்பட்ட பக்கங்கள் காணாமல் போவது சகஜம்.

காயத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, வெளிச்சத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை எடுங்கள். முடியில் தடவிய எண்ணெய் காய்ந்து சொட்டியதால்தான் வெந்தது, சீப்பில் கோளாறு இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொட்டிய எண்ணெய் திட்டுத் திட்டாகச் சுடும். சீப்பின் பற்கள் பட்டால் இணை கோடுகளாகத் தழும்பு விழும். மகளின் பின்கழுத்தில் கோடுகள் தெரிந்தால், ஆறி மங்குவதற்குள் அவை பதிவாக வேண்டும். தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். ஏனென்றால், சூட்டுச் சீப்பை நெடுங்காலம் பயன்படுத்துவதோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு வகை முடி உதிர்வை மருத்துவர்கள் 1968 முதலே எழுதி வந்திருக்கிறார்கள். இந்தக் குழந்தையின் இழப்பு அப்படிப்பட்டதல்ல, ஒரே நாளில் பட்ட தீக்காயத்தால் மயிர்க்கால் சேதமானது என்று மருத்துவக் குறிப்பு தெளிவாகச் சொல்வது பின்னால் உதவும்.

இனி யார் மீது பொறுப்பு என்பதற்கு வருவோம். குறையுள்ள பொருளால் காயம் பட்டால், தயாரித்தவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை, பொருளில் குறை இருந்ததையும் அதனால் காயம் வந்ததையும் காட்டினாலே போதும் என்பது கலிபோர்னியாவில் 1963-இல் மாநில உச்ச நீதிமன்றம் கிரீன்மேன் வழக்கில் நிலைநாட்டிய கொள்கை. குறை என்பதை எப்படி அளப்பது என்பதை 1978-இல் பார்க்கர் வழக்கு சொன்னது. பொருளை உரிய வகையில் கையாளும் சாதாரண வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் அளவுக்குப் பாதுகாப்பாக அது இருந்ததா என்பது அதில் ஒரு அளவுகோல். உங்களுக்கு இதில் நல்ல பிடி இருக்கிறது. உங்கள் மாமியாரைப் போன்றவர்கள் அடுப்பிலிருந்து எடுத்த சீப்பை முதலில் ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பார்கள். தாள் பழுப்பேறினால் ஆறவிட்டு, பிறகுதான் தலையில் வைப்பார்கள். வெப்ப அளவைத் திரையில் காட்டும் மின்சாரச் சீப்பு, அந்தச் சோதனைக்குத் தேவையில்லை என்ற உறுதியோடுதான் விற்கப்படுகிறது. நீங்கள் ஏன் தாளில் சோதிக்கவில்லை என்று அவர்கள் கேட்டால், சோதிக்க வேண்டாம் என்பதற்காகத்தானே இதை வாங்கினேன் என்பதே பதில். விற்பனைப் பக்கத்தில் பாதுகாப்பானது, குழந்தைகளுக்கும் ஏற்றது என்பது போன்ற சொற்கள் இருந்திருந்தால் அந்தப் படம் பொன்னுக்குச் சமம்.

விற்பனையாளர் வெளிநாட்டு நிறுவனம் என்றால், அவர் மீது வழக்குப் போடலாம். ஆனால் அழைப்பாணை சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆகும், தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் வசூலாவது சந்தேகம். அதனால்தான் இணையச் சந்தையின் பொறுப்பு முக்கியமாகிறது. மடிக்கணினி மின்கலம் வெடித்த போல்ஜர் வழக்கில் 2020-இலும், ஹோவர்போர்டு தீப்பிடித்த லூமிஸ் வழக்கில் 2021-இலும், வேறொருவர் விற்ற பொருளானாலும் அமேசான் கண்டிப்பான பொறுப்புக்கு, அதாவது கவனக்குறைவை நிரூபிக்காமலே சுமத்தப்படும் பொறுப்புக்கு, உட்படலாம் என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நீங்கள் வாங்கிய தளம் எதுவானாலும், பணத்தை யார் வாங்கினார், பொருள் யார் கிடங்கிலிருந்து வந்தது, விற்பனையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் தளம் எவ்வளவு தூரம் நின்றது என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். கணக்குத் தொடங்கும்போது நீங்கள் ஏற்ற விதிமுறைகளில் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அது உங்களைக் கட்டுப்படுத்தினாலும், கணக்கே இல்லாத குழந்தையைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட வலுவான இடம் உண்டு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சீப்பைப் பிடித்திருந்தது உங்கள் கை. கலிபோர்னியாவில் பெற்றோருக்கு எதிராகப் பிள்ளை வழக்காட முடியாது என்ற பழைய தடையை 1971-இலேயே கிப்சன் வழக்கில் நீக்கிவிட்டார்கள். எனவே எதிர்த்தரப்பு, தாயின் கவனக்குறைவும் இதில் கலந்திருக்கிறது என்று உங்களையும் வழக்குக்குள் இழுக்கலாம். உங்கள் பங்கு இத்தனை விழுக்காடு என்று ஜூரி முடிவு செய்தால், வலிக்கும் மன வேதனைக்கும் உரிய இழப்பீட்டில் அந்தப் பங்கு மற்றவர்களிடமிருந்து கிடைக்காது. மருத்துவச் செலவு போன்ற பண இழப்புக்கு அந்தப் பிரிப்பு பொருந்தாது. இதனால் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஒன்று, மகள் சார்பில் வழக்காடும் காப்பாளராக நீங்கள் நிற்காமல் உங்கள் கணவரோ நெருங்கிய உறவினரோ நிற்பது நல்லது. மற்றொன்று, விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுதும்போது நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். எல்லாம் என் தவறுதான் என்ற தாயின் புலம்பலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. எது உண்மை என்பதே இன்னும் சோதிக்கப்படவில்லை என்கிறேன். வீட்டு உரிமையாளர் அல்லது வாடகைதாரர் காப்பீடு இருந்தால் அந்தப் பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் முடி நேராக்கியது குற்றமோ என்று பயப்பட வேண்டாம். கூலி வாங்காமல், சலூனுக்கு வெளியே செய்வதற்கு மாநிலச் சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை.

விற்பனையாளர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். சிறு தொகையைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்குவதுதான் அதன் நோக்கம். பதினெட்டு வயது நிரம்பாத குழந்தையின் கோரிக்கையைப் பெற்றோர் தாமாகவே சமரசம் செய்துவிட முடியாது. நீதிமன்றம் அந்தச் சமரசத்தை அங்கீகரித்தால்தான் அது குழந்தையைக் கட்டுப்படுத்தும். ஆனால் உங்கள் சொந்தக் கோரிக்கையை, அதாவது மகளுக்காக நீங்கள் செய்த மருத்துவச் செலவை, அந்தக் கையெழுத்து அடைத்துவிடலாம். காலக்கெடுவும் இருவருக்கும் வேறு. காயம் பற்றிய வழக்குக்குக் கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகள் கெடு. மகளுக்கு அந்த இரண்டு ஆண்டு பதினெட்டு வயது நிரம்பிய பின்பே ஓடத் தொடங்கும். உங்கள் செலவுக் கோரிக்கைக்கு அந்தச் சலுகையை நம்பாமல், விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் காலம் இருக்கிறதே என்று தள்ளிப்போடுவதும் கூடாது. சட்டம் காத்திருக்கும்; விற்பனையாளரும் சாட்சிகளும் காத்திருக்க மாட்டார்கள்.

நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சேஃபர்புராடக்ட்ஸ் இணையதளத்தில் ஒரு புகாரும் பதியுங்கள். அது உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் அதே சீப்பு வேறு குழந்தைகளைச் சுட்டிருந்தால் அந்தப் பதிவுகள் வழியே தெரியவரும், தயாரிப்பாளருக்கும் தகவல் போகும். அதிலும் உண்மைகளை மட்டும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிக்கும் முதல் ஆவணங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

மருத்துவமனையில் நடந்தது பற்றி. தீக்காயத்தோடு வரும் குழந்தையைத் தனியாகக் கேட்பது அங்கே வழக்கமான நடைமுறை. குழந்தை துன்புறுத்தப்பட்டிருக்கலாம் என்று நியாயமான ஐயம் எழுந்தால் மருத்துவரும் செவிலியரும் ஆசிரியரும் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதே சட்டம் துன்புறுத்தல் என்று சொல்வது விபத்தல்லாத வகையில் ஏற்படுத்தப்பட்ட காயத்தைத்தான். நீங்கள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், மகளும் நீங்களும் சொன்னது ஒத்திருக்கிறது, சீப்பும் கையில் இருக்கிறது. இந்த நிலையில் குழந்தையைப் பிரிப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை என்றே நான் கருதுகிறேன். சமூகப் பணியாளர் யாராவது வீட்டுக்கு வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். அவசர ஆபத்து இல்லாதபோது, உங்கள் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் அவர் உள்ளே வர முடியாது. வழக்கறிஞரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அத்தை சொல்லும் பெரிய வழக்கு வேறு. அது சிகாகோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023-இல் ஒன்றுசேர்க்கப்பட்ட வழக்குத் தொகுப்பு. ரசாயனக் களிம்புகளால், அதாவது ரிலாக்சர்களால், புற்றுநோய் வந்ததாகக் கூறும் பெண்கள் தொடுத்தது. சூட்டால் நேராக்கும் சீப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அத்தையே பல ஆண்டுகள் அந்தக் களிம்பைப் பயன்படுத்தி நோயுற்றிருந்தால், அவர் தனியாக ஆலோசனை பெற வேண்டும்.

கடைசியாக நாட்டியப் பள்ளி. தீக்காயத்துக்கு அவர்களைப் பொறுப்பாக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை; செய்திக்கும் சீப்பின் கோளாறுக்கும் நடுவே தூரம் அதிகம். ஆனால் அந்தச் செய்தி தனியாகவே ஒரு சட்டப் பிரச்சினை. கலிபோர்னியாவின் கிரௌன் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் வேலையிடத்திலும் பொதுப் பள்ளிகளிலும், இனத்தோடு பிணைந்த முடியின் தன்மையையும் பின்னல் போன்ற அலங்காரங்களையும் இனம் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. தனியார் நாட்டியப் பள்ளி அந்த இரண்டிலும் வராது. ஆனால் பணம் வாங்கிச் சேவை தரும் தொழில் நிறுவனம் என்ற வகையில் தொழில் நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அன்ரூ குடிமை உரிமைச் சட்டத்துக்குள் வரும், அந்தச் சட்டத்திலும் இப்போது இனத்துக்கு இதே விளக்கம் சேர்ந்திருக்கிறது. மீறலுக்குக் குறைந்தபட்ச இழப்பீடு 4,000 டாலர். அதே சமயம், வேண்டுமென்றே வேறுபடுத்தியதை நீங்கள் காட்ட வேண்டும். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிச் சடை போட்டு, சவுரியும் குஞ்சலமும் வைத்து வர வேண்டும் என்ற விதி குற்றமல்ல. முடியின் இயல்பையே மாற்றிக்கொண்டு வா என்பதுதான் சிக்கல். சுருள் முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் சவுரியைத் தைத்து நிறுத்தினால் ராக்கொடியும் சடை வில்லையும் நன்றாகவே நிற்கும். உங்கள் மாமியார் பக்கத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். மேடையில் வெளித்தோற்றம் மற்றவர்களோடு ஒத்துப்போகும்போது, நேராக்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்தப் பள்ளிக்கு நியாயமான காரணம் எதுவும் மிஞ்சாது.

ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஆசிரியைக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதுங்கள். மகள் பின்னிய முடியோடு ஆடுவாள், அதை ஏற்பதாக எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று கேளுங்கள். இப்படிப்பட்ட சட்டம் இருப்பதே அறியாமல், ஊர் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்திருக்கும் ஆசிரியைகள்தான் அதிகம். கடிதம் கண்டதும் பலர் மாறிவிடுவார்கள். மறுத்து எழுதினால், அல்லது மகளை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினால், அந்தப் பதிலோடு ஒரு குடிமை உரிமை வழக்கறிஞரைப் பாருங்கள். சீப்பு வழக்கை நடத்துபவர் வேறொருவராக, பொருள் பொறுப்பு வழக்குகளில் பழகியவராக இருக்கட்டும். அவர் பெரும்பாலும் முன்பணம் கேட்காமல் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கையே கட்டணமாகக் கேட்பார். கட்சிக்காரர் குழந்தை என்பதால் அந்தப் பங்கையும் நீதிபதி பார்த்து அனுமதிக்க வேண்டும், மீதித் தொகை வழக்கமாக மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் போகும்.