இ.சி.டி.யும் மூளையின் அளவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தந்தைக்குக் கடுமையான மனச்சோர்வு நோய். இ.சி.டி. எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். மின்சாரம் செலுத்தினால் மூளை அணுக்கள் கருகிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். கருகுமா?

பதில்: கருகாது. செலுத்தப்படுவது ஏறத்தாழ 800 முதல் 900 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். அதுவும் ஒரு மில்லி நொடியையோ அதற்கும் குறைந்த நேரத்தையோ கொண்ட துடிப்புகளாக, மொத்தத்தில் சில நொடிகளே செல்கிறது. அதில் பெரும்பகுதியைத் தோலும் மண்டையோடும் தடுத்துவிடுகின்றன. உள்ளே சேரும் மிச்சம் வலிப்பைத் தூண்டப் போதும். திசுவைச் சுடப் போதாது. 1938இல் ரோமில் இத்தாலிய மருத்துவர்கள் செர்லெட்டியும் பினியும் இம்முறையைத் தொடங்கியபோது மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கிடையாது. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. உங்கள் உறவினர்களின் அச்சம் அந்தக் காலத்துக்குரியது. மூளைச் சேதத்தைத் தேடியே நடத்தப்பட்ட படமெடுப்பு ஆய்வுகள் மூளை அணுக்களின் அழிவைக் காட்டவில்லை. மயக்கவியல் மருத்துவரிடம் இதயம், இரத்த அழுத்தம் பற்றிய விவரம் எதையும் மறைக்காதீர்கள். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: எனக்கு இ.சி.டி. கொடுத்தார்கள். இப்போது என் மூளை எப்படி இருக்கும்?

பதில்: எத்தனை அமர்வுகள், மின்முனைகளை எங்கே வைத்தார்கள், எவ்வளவு காலம் ஆயிற்று, உங்கள் வயது என்ன, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று எதுவுமே இல்லாமல் ஒற்றை வரியில் கேட்டால் நான் ஜோதிடம்தான் சொல்ல வேண்டும். விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என் மனைவிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இரண்டையும் வெவ்வேறு மையங்களில். ஹிப்போகாம்பஸ் 3 சதவீதம் வளர்ந்திருப்பதாக அறிக்கை கூறுகிறது. நோய் குணமாகிவிட்டது என்று கொண்டு மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. இந்தப் பத்தியில் நான் எத்தனையாவது முறையாக இதை எழுதுகிறேன் என்பதற்கு என்னிடமே கணக்கில்லை.

முதலில் அந்த 3 சதவீதத்தைப் பார்ப்போம். ஹிப்போகாம்பஸ் என்பது மூளையில் நினைவுக்கான பகுதி. ஒரு பக்க ஹிப்போகாம்பஸின் கன அளவு 3 முதல் 4 மில்லி லிட்டர். அதில் 3 சதவீதம் என்றால் 0.1 மில்லி லிட்டர், அதாவது இரண்டு சொட்டுத் தண்ணீர். இயந்திரம் மாறினாலோ, அளக்கும் மென்பொருள் மாறினாலோ, தலை சற்றுச் சாய்ந்திருந்தாலோ இந்த இரண்டு சொட்டு கூடவும் குறையவும் செய்யும். நீங்களோ இரண்டு மையங்களுக்குப் போயிருக்கிறீர்கள்.

இ.சி.டி.க்குப் பிறகு ஹிப்போகாம்பஸும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியும் பெருக்கின்றன என்பது மெய்தான். பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுதிரட்டும் 'ஜெம்ரிக்' கூட்டமைப்பு, ஏறத்தாழ 300 நோயாளிகளின் படங்களை ஒரே முறையில் அளந்து 2018இல் ஹிப்போகாம்பஸில் அதைக் காட்டியது. அமர்வுகள் கூடக்கூட அளவும் கூடியது. ஆனால் அதே ஆய்வு சொன்ன அடுத்த செய்தியை எவரும் எடுத்துச் சொல்வதில்லை: அளவு அதிகமாகப் பெருத்தவர்களே அதிகமாகக் குணமடைந்தார்கள் என்ற உறவு அங்கே தென்படவில்லை. மனச்சோர்வு நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சராசரியாக ஒரு சதவீதம் போலச் சிறியது என்று முன்பே தெரிந்திருந்ததால், 'சுருங்கியது வளர்ந்தது, நோய் போனது' என்ற கதை கேட்பதற்கு இதமாக இருக்கிறது. விளம்பரத் தாள்களும் அதைப் பிடித்துக்கொண்டன. கூட்டத்தின் சராசரியை ஒருவரின் அறிக்கையில் தேடுவது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

நான் கவனித்த ஒரு பெண்மணி பல வாரங்களாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். நான்காம் அமர்வுக்கு மறுநாள் காலையில் செவிலியரிடம் சீப்பு கேட்டார். எந்தப் படமும் அதைவிடத் தெளிவான அறிக்கையை எனக்குத் தந்ததில்லை. உங்கள் மனைவி உறங்குகிறாரா, உண்கிறாரா, பேசுகிறாரா? நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களில் இவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கேள்வி: பெருப்பது புதிய நரம்பணுக்கள் பிறப்பதாலா?

பதில்: எலிகளில் பிறக்கின்றன. மின்வலிப்பு கொடுக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் உள்ள டென்டேட் கைரஸ் என்னும் பகுதியில் புதிய அணுக்கள் பெருகுவதும், பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிப் புரதம் கூடுவதும் பலமுறை காட்டப்பட்டவை. மனித மூளையைப் பொறுத்தவரை எம்.ஆர்.ஐ. அணுக்களை எண்ணுவதில்லை, கன அளவைத்தான் காட்டுகிறது. நரம்பிழைகளின் கிளைப்பு, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா அணுக்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள், திசுவில் சேரும் நீர் ஆகிய எல்லாமே அந்த அளவுக்குள் அடங்கும். சில வாரங்களில் வரும் பெருக்கம் முழுவதையும் புதிய நரம்பணுக்களின் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: எனக்கு வலப்பக்கம் மட்டும் மின்முனை வைத்தார்கள். மூளையும் ஒரு பக்கம்தான் மாறுமா?

பதில்: வலப்பக்கத்தில் மாற்றம் கூடுதலாக இருக்கும், இடப்பக்கத்திலும் ஓரளவு உண்டு. வலிப்பு இருபுறமும் பரவினாலும் மின்புலம் வலுவாக விழும் பக்கமே அதிகம் பெருப்பதால், மாற்றத்தில் வலிப்போடு மின்புலத்துக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: ஹிப்போகாம்பஸ் நினைவுக்கான பகுதி என்கிறீர்கள். அது வளர்ந்தால் நினைவாற்றல் கூட வேண்டுமே, என் அண்ணன் ஏன் எல்லாவற்றையும் மறக்கிறார்?

பதில்: நல்ல கேள்வி. பெருத்த உறுப்பு சிறப்பாக இயங்கும் என்ற விதி உடலில் எங்குமே இல்லை. வீங்கிய மூட்டு நன்றாக மடங்குவதில்லை அல்லவா? சில ஆய்வுகளில் ஹிப்போகாம்பஸ் அதிகமாகப் பெருத்தவர்களுக்கே அப்போதைக்கு மறதியும் அதிகமாக இருந்தது. புதியவற்றை மனத்தில் நிறுத்தும் திறன் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மீள்கிறது. சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் நினைவுகளில் சில மீளாமலே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்கள் மீது எனக்கும் வருத்தம் உண்டு. இருபக்க மின்முனையானால், அதை வலப்பக்கத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், மறதி குறையும்.

கேள்வி: பெருத்தது நிலைக்குமா?

பதில்: இல்லை. ஆறு மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது, நலமாக இருப்பவர்களுக்கும்கூட. தொடர் சிகிச்சையில் இருந்தும் ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கு நோய் மீள்கிறது. ஆகவே, மீண்டும் சொல்கிறேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பிற்காலத்தில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வருமா?

பதில்: டென்மார்க்கில் சுமார் 1,68,000 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில் இ.சி.டி.யால் அந்த அபாயம் கூடியதாகத் தெரியவில்லை.