ஐந்து வயதாகியும் பேச்சு சரியாக வராத பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். சிறப்புப் பள்ளிக்குப் போங்கள் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், அது அநேகமாக ஒரு தனியார் பள்ளியாகத்தான் இருக்கும். எங்களுக்கும் அதேதான் நடந்தது. நாம் சொல்வதெல்லாம் என் மகளுக்குப் புரியும். வாயிலிருந்து வருவது நாலைந்து சொல்தான். சொந்தக்காரர்கள் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார்கள். பள்ளி முதல்வரோ, வகுப்பில் கூடவே உட்கார எங்கள் செலவில் ஓர் ஆள் போட்டால் பார்க்கலாம் என்றார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவுப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல்வர் அறைக்குப் போகும்போது இதை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள்.

நாங்கள் தெருமுனை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் தண்ணீர், கழிப்பறை, வலிக்குது, போதும் என்று சின்னப் படங்களை லேமினேட் செய்து, சாவி வளையத்தில் கோத்துக் கொடுத்தார். படம் காட்டிப் பழகினால் பேச்சே வராது என்று பலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். 'போதும்' அட்டையை நீட்டும்போதே அவள் வாயும் 'போம்' என்று அசைய ஆரம்பித்தது. ஒருநாள் கணக்கு வகுப்பில் பக்கத்துப் பையன் அந்த அட்டையை இரவல் வாங்கி டீச்சரிடம் நீட்டியிருக்கிறான். டீச்சரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

உடனே, அரசுப் பள்ளிக்கு விளம்பரமா என்று கேட்டு வராதீர்கள். சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு ஓடுகிறவர். நினைத்த நேரத்தில் கிடைக்க மாட்டார். வகுப்பாசிரியர் நல்லவராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று விசாரியுங்கள். பல மாவட்டங்களில் அங்கே இலவசமாகவே கிடைக்கும்.

அப்புறம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் அட்டையைக் காட்டினாலும் "பாப்பா நல்லாத்தானே சார் இருக்கு?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கண்டக்டர் கேட்பார். நடக்க முடியாவிட்டால்தான் மாற்றுத்திறனாளி என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! இப்போதெல்லாம் நான் பைக்கிலேயே கூட்டிப்போகிறேன்.