முதலீட்டாளர் கேள்வி – பதில்: நிதி அதிகாரி விலகினால் பங்கை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எட்டு ஆண்டுகளாக நான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி, 'சொந்தக் காரணங்களுக்காக' என்று சொல்லித் திடீரென விலகிவிட்டார். மறுநாளே பங்கு விலை 6 சதவீதம் இறங்கியது. விற்றுவிடும்படி மகன் சொல்கிறான். பொறுத்திருக்கும்படி தரகர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இருவர் பேச்சையும் ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டு, நிறுவனம் பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். 'சொந்தக் காரணம்' என்பது கடை வாசலில் தொங்கும் 'இன்று விடுமுறை' அட்டையைப் போன்றது. கடை மூடியிருப்பதைச் சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. ஆனால் அதே அறிவிப்பில் இருக்கும் தேதிகள் நிறையப் பேசும். அவர் எப்போது வெளியேறுகிறார், அடுத்தவர் யார், காலாண்டு முடிவு வெளியாக எத்தனை நாள் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் மூன்று நிதி அதிகாரிகள் விலகினார்கள். 2015 அக்டோபரில் ராஜீவ் பன்சால் விலகும் செய்தி காலாண்டு முடிவுகளோடு சேர்ந்து வந்தது. லாபம் நன்றாக இருந்தும் அன்று பங்கு இறங்கியது. டாலர் கணக்கிலான வருவாய் மதிப்பீட்டை நிறுவனம் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதால், பழி முழுவதையும் விலகலின் மேல் போட முடியாது. பங்குதாரர்களை உண்மையில் கொதிக்க வைத்தது அதன் பிறகு வெளியே வந்த தொகைதான். விலகும் ஒருவருக்கு 17.38 கோடி ரூபாய் தர ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று நிறுவனர் நாராயண மூர்த்தியே வெளிப்படையாகக் கேட்டார். 5 கோடி கொடுத்த பின் நிறுவனம் மீதியை நிறுத்தி வைத்தது. விவகாரம் நடுவர் மன்றம் வரை போய், வட்டியோடு 12.17 கோடி தர வேண்டும் என்று 2018இல் தீர்ப்பானது.

அதே 2018இல், ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பன்சாலுக்கு அடுத்து நிதி அதிகாரியாக வந்த எம்.டி. ரங்கநாத்தின் விலகல் அறிவிக்கப்பட்டது. நவம்பர் வரை அவர் பொறுப்பில் இருப்பார் என்று சொன்னார்களே தவிர, அவருக்குப் பின் யார் என்பதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பங்கு 3 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2023 டிசம்பரில் நிலஞ்சன் ராய் விலகியபோதோ, அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜெயேஷ் சங்ராஜ்கா அந்தப் பொறுப்பை ஏற்பார் என்பதையும் அதே கையோடு அறிவித்துவிட்டார்கள். 2015இல் எழுந்ததைப் போன்ற சர்ச்சை எதுவும் அப்போது எழவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இண்டஸ்இண்ட் வங்கியின் நிதி அதிகாரி 2025 ஜனவரியில், காலாண்டு முடிவு வெளியாகச் சில நாட்களே இருக்கும்போது விலகினார். துணைத் தலைமைச் செயல் அதிகாரி அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்க நேர்ந்தது. மார்ச் 10 அன்று, டெரிவேட்டிவ் (வட்டி, நாணய மதிப்பு போன்றவற்றைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) கணக்குகளில் முரண்பாடு இருப்பதாகவும் அதன் பாதிப்பு நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) சுமார் 2.35 சதவீதம் இருக்கலாம் என்றும் வங்கி தெரிவித்தது. 900 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு மறுநாள் ஒரே நாளில் 27 சதவீதம் விழுந்து 656 அருகே முடிந்தது. விலகலையும் கணக்குக் குழப்பத்தையும் முடிச்சுப் போட இது மட்டும் போதாது. ஆனால் நிதி நாற்காலி அவசரமாகக் காலியாகும்போது அடுத்த இரண்டு காலாண்டுக் கணக்குகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

உங்கள் நிறுவனத்துக்கு வருவோம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் நிதி அதிகாரி விலகினால், காரணங்களை விரிவாகச் சொல்லும் அவருடைய கடிதத்தை, விலகல் நடைமுறைக்கு வந்த 7 நாட்களுக்குள் சந்தைக்குத் தர வேண்டும். காலியிடத்தைப் பொதுவாக 3 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். கூடவே தணிக்கையாளரும் பதவிக்காலம் முடியும் முன் விலகியிருந்தாலோ, காலாண்டு முடிவுத் தேதி தள்ளிப்போனாலோ, உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். இரண்டும் இல்லாமல், பொறுப்பை ஒப்படைக்கக் கால அவகாசமும் அடுத்தவர் பெயரும் இருந்தால், 6 சதவீதச் சரிவுக்காக எட்டு ஆண்டுப் பங்கை விற்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 40 பங்குகள்தான். நிதி அதிகாரி விலகியதைப் பற்றி நான் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனச் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் காணொளியில் நடந்தால், பேச விரும்புவோர் எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும். டிமேட் (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். "ஏன் போனார்?" என்று கேட்டால் வாழ்த்துரைதான் கிடைக்கும். "அவர் கையெழுத்திட்ட கடைசிக் காலாண்டுக் கணக்கில் ஏதாவது திருத்தம் வருமா?" என்று கேளுங்கள்.