புலி எங்கே என்று கேட்காதீர்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காட்டுக்குள் ஒளிந்திருக்கும் விலங்குகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் படப் புத்தகம் ஒன்றை ஐந்து வயது மகனுக்கு வாங்கினேன். இரண்டு நிமிடம் பார்க்கிறான், 'நீயே காட்டும்மா' என்று தள்ளிவிடுகிறான். பொறுமை இல்லையா, கண்ணில் ஏதாவது குறையா?"

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அவன் முழுப் புலியைத் தேடுகிறான். ஓவியர் முழுப் புலியை வெளியே காட்டவே இல்லை. ஒரு காது, வால் நுனி, இலைகளுக்கு நடுவே ஒரு கண், அவ்வளவுதான். அதனால் "புலி எங்கே?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கொடியெல்லாம் கீழே தொங்குது, இது மட்டும் ஏன்டா மேலே வளையுது?" என்று கேளுங்கள். பையன் நிமிர்ந்து உட்காருவான்.

மான் கொம்பைக் காய்ந்த கிளையோடும், யானைக் காலை அடிமரத்தோடும், முதலை முதுகை மிதக்கும் கட்டையோடும் சேர்த்துவிடுவது ஓவியர்களின் வழக்கமான வேலை. காட்டிலிருந்து கற்றதுதான். சிறுத்தையின் புள்ளிகள் அதன் உருவக்கோட்டையே உடைத்துவிடும். உடம்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. புலி விஷயம் இன்னும் வேடிக்கை. மானுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நமக்குப் பளிச்சென்று அடிக்கும் அந்த ஆரஞ்சு அதன் கண்ணில் புதரோடு புதராகிவிடும். நம் பிள்ளையை அப்படி ஏமாற்ற முடியாதே! அதனால் ஓவியர் புலியை ஒளிக்கக் காய்ந்த புல்லையோ சாயங்கால வெயிலையோ தேடிப் போகிறார். பழுப்பும் மஞ்சளுமான பக்கம் வந்தாலே சந்தேகப்படச் சொல்லுங்கள்.

பக்கம் ரொம்ப நெரிசலாக இருந்தால், பழைய தினசரி காலண்டர் அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, மூலையிலிருந்து மெல்ல நகர்த்தட்டும். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல தந்திரம்: மரம், பாறை என்று பெயர் சொல்லித் தாண்டிப்போன கண் அப்போதுதான் வெறும் கோடுகளைக் கவனிக்கும். ஒன்று மட்டும் வேண்டாம்: விலங்கை விரலால் சுட்டிக்காட்டாதீர்கள். (தாத்தா பாட்டிகளிடமும் சொல்லிவையுங்கள், அவர்களுக்குத்தான் கை நிற்காது.) ஒருமுறை காட்டிவிட்டால் அந்தப் பக்கத்தில் தேட ஒன்றுமில்லை.

சரி, கண். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால், தலையைச் சாய்த்தே பார்த்தால், பரிசோதித்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் சட்டென்று கண்டுபிடிப்பவன், பச்சை இலைக்குள் இருக்கும் சிவப்பு உருவத்தை மட்டும் தொடர்ந்து தவறவிட்டால் அது நிறக்குறையாகவும் இருக்கலாம்; பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டலாம், 1819-இல் தொடங்கியது அது. நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லித்தான் இதைச் சோதிப்பார்கள்; எண் படிக்காத குழந்தைக்கும் வளைகோட்டை விரலால் தொடரச் சொல்லும் புள்ளி அட்டைகள் உண்டு.

அப்புறம், ஞாயிறு காலை ஒருநாள் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம் கூட்டிப்போங்கள். சேற்றோரம் மண் நிறத்தில் மடையான் அசையாமல் நிற்கும். நம்மூரில் குருட்டுக்கொக்கு என்பார்களே, அதுதான். அவனே தேடட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அது பறந்தால் சிறகு வெள்ளைவெளேர் என்று விரியும். எத்தனை நேரமாக அங்கே நின்றது என்று அவன்தான் உங்களைக் கேட்பான்.